மாமன் மடியில் போட வேண்டிய ஊசி

என் மகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடச் சம்மதம் என்று பள்ளிக்கூடத்துத் தாளில் கையெழுத்துப் போட்டது நான் இல்லை. என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். தெரு முனையிலேயே ஒரு ஹாரன் அடிப்பான். உடனே என் மகள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கத்து கத்துவாள். எட்டு வயதுப் பெண், மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி ஓடுவாள். நான் வேலை முடிந்து வரும்போது தலையைத் தூக்கி, "வந்துட்டியாப்பா" என்பாள். பிறகு நோட்டுப் புத்தகத்துக்குள் போய்விடுவாள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாவலையும் இந்தத் தலை தூக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும், அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள். தாள் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது. நான் தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். கன்னடம் பேசுவேன், படிக்கச் சொன்னால் பஸ் போர்டு மட்டும், அதுவும் பஸ் நின்றால்தான். அது அவளுக்குத் தெரியும். என்னை மட்டம் தட்ட அவள் அப்படிச் செய்யவில்லை. படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனாலும் நான் இரண்டு முழம் தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் தாளைத் தூரப் பிடித்துப் படித்தான். "கொசு கடிச்சி வர்ற மூளைக்காய்ச்சலாம் அக்கா. ஜப்பான் பேரு போட்டுகீது. ஒரு வயசுலேருந்து பதினஞ்சு வரைக்கும் எல்லா புள்ளைங்களுக்கும் ஸ்கூல்லயே ஊசி போட்றாங்க."

"ஜப்பானா?" என்றாள் என் மனைவி.

"ஆமா. நம்ம கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல. கொசு பாரு, விசா வாங்கிகினு வந்துகீது."

அக்காவும் மருமகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்கு வேறு காரணம் உண்டு, சொல்கிறேன்.

"அம்மா அப்பா இல்லாட்டி கார்டியன் சைன் பண்ணணுமாம். பேனா குடு கண்ணு" என்றான். முட்டி மேல் தாளை வைத்து ஒரே இழுப்பில் போட்டான். எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். பேங்கில் கணக்குத் திறந்த வருஷம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதிப் பழகியிருக்கிறேன். இனிஷியல், ஒரு புள்ளி, பிறகு பெயர். "இங்க குடு, நான் போடறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் பேசுவதற்கு முன் ஒரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறவன். சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் தாள் மடிக்கப்பட்டுப் பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் என் மகளுக்கு விஷயம் புரிந்தது. "ஊசியா? எனக்கா? நா போட்டுக்க மாட்டேன்."

மனைவி மிரட்டினாள், கெஞ்சினாள், சாக்லேட் வாங்கித் தருகிறேன் என்றாள். கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள்.

"மாமா மடியில உக்காந்தாத்தான் போட்டுக்குவேன். காது குத்துனாங்களே, அந்த மாதிரி."

எங்கள் ஜனங்களிடம் பெண் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அது மாமனுடைய உரிமை. தகப்பன் அந்த நேரத்தில் யாரையாவது வரவேற்றுக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் பந்தியைப் பார்ப்பான். அவளுக்கு ஐந்து வயதில் குத்தினோம், இங்கே பக்கத்து அம்மன் கோயிலில். மச்சான் புதுச் சட்டை போட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அவள். நான் சாம்பார் வாளியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேர் தலைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் பார்த்தேன். பத்தர் கம்பியை எடுத்ததும் அவள் வாய் கோணியது. மச்சான் குனிந்து அவளிடம் என்னவோ சொன்னான். அடுத்து என் காதில் விழுந்தது அவள் கலகலவென்று சிரித்தது; நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. என்ன சொன்னான் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒன்று அது.

ஆக, ஊசி என்றாலே மாமன் மடி என்று அவள் முடிவு செய்திருந்தாள். என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அப்ப நர்சம்மாவுக்கு வெத்தல பாக்கு தட்டு வெக்கணுமா?" என்றாள்.

"தட்டென்னா, மாலையே போட்றேன்" என்றான் மச்சான். "எந்த நாளுன்னு மட்டும் சொல்லு கண்ணு. மாமா டூட்டி மாத்திகினு வந்து குந்திக்கிறேன்."

"அப்பா மடியில உக்காரக் கூடாதா?" என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் மாட்டேன் என்றிருப்பாள். அதற்கு ஒரு கதை உண்டு.

நான் லிங்கராஜபுரத்தில் பைக் சீட் தைக்கிற கடையில் வேலை செய்கிறேன். ரெக்ஸினை மிஷினில் தைப்போம். மூலைகளைக் கையால், பெரிய ஊசியால் இழுத்துத் தைக்க வேண்டும். அவளுக்கு நாலு வயதில் ஒரு நாள் அம்மாவோடு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் கை தவறி, ஊசி என் விரலில் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது சாதாரணம். கொறடை எடுத்து இழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் இழுத்தேன். அவள் பார்த்துவிட்டாள். கடை வாசலில் நின்று அவள் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடிவிட்டது. சட்டைக் காலரில் ஊசியைக் குத்தி வைக்கிற பழக்கம் வேறு எனக்கு உண்டு. அன்றிலிருந்து நான் தூக்கப் போனால் முதலில் என் காலரைத் தடவிப் பார்ப்பாள். பிறகு தூக்கவே விடாமல் ஆனாள்.

இப்போது நான் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

தங்கவயலில் நாங்கள் சுரங்கக்காரர்களின் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா பூமிக்கடியில் வேலை. எனக்கு ஒன்பது வயது, என் தம்பிக்கு ஆறு. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் மேலே போய், கை கால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தான். திரும்பி வந்தபோது வலது கை உள்ளே மடங்கியிருந்தது, கழுத்து நிற்கவில்லை. மரம், செடி, பந்து என்று வாய் ஓயாமல் பேசியவனுக்கு "ம்மா" மட்டும் மிச்சம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்து காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து, லைனுக்குப் பின்னால் பன்றிகள் கிடக்கின்றன, அங்கே இருக்கிற கொசுதான் இதைக் கொண்டுவருகிறது என்று சொல்லிப் புகை அடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா அவனுக்குப் பிரெட்டைப் பாலில் நனைத்து ஊட்டுவாள். எங்கள் வீட்டில் பிரெட் என்பது அவனுக்கு மட்டும். என்னை ஒரு நாளும் தூக்கியறியாத அப்பா, ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பந்து மைதானம் வரை நடந்துபோய் வருவார். நான் பின்னால் நடப்பேன். அவன் தலை அப்பாவின் தோளில் ஆடிக்கொண்டே போகும். எனக்கு அந்தத் தலையின் மேல் பொறாமை.

கொசு கடித்தால் வரும் என்று சொன்னார்கள் அல்லவா? ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு, பன்றிகள் புரளும் சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்தேன். கையை நீட்டி வைத்துக்கொண்டு கொசுக்கள் உட்காருவதைப் பார்த்தேன். ஒன்றைக்கூட அடிக்கவில்லை. எனக்கும் காய்ச்சல் வரட்டும், எனக்கும் பிரெட் வரட்டும், என்னையும் தூக்கட்டும் என்று. உடம்பெல்லாம் தடித்து அரித்தது. அம்மா திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவினாள். அதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது முடிந்ததும் என் படிப்பு நின்றது. அம்மாவும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவனோடு யாராவது இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அவன் வாயைத் துடைத்தேன், குளிப்பாட்டினேன், மடியில் தலையை வைத்துக் கஞ்சி கொடுத்தேன். அவன் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் போனான். அப்பா தரையில் விழுந்து அழுதார். நான் சுவரோரம் நின்று, எனக்கு இப்படி நடந்தால் இந்த மனுஷன் இப்படி அழுவாரா என்று அளந்து பார்த்தேன். அப்படிப்பட்டவன் நான். அதனால்தான் தாளில் அந்த நோயின் பெயரைக் கேட்டதும், எதைச் செய்தாவது இந்த ஊசியை என் மகளுக்குப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். இதே மனசால்தான் பிறகு அதைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து மனைவியின் போனுக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமை பத்து மணி. பெற்றோர் விருப்பப்பட்டால் கூட வரலாம்.

"அவன் காலைல உங்க கடை வழியாத்தான போறான், சொல்லிடுங்க" என்றாள். "நா போன் பண்ணா வண்டி ஓட்டிகினே எடுப்பான். வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலை மச்சான் கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினான்.

"இன்னா மாமா, டீ ஆச்சா?"

"ஆச்சு."

"கண்ணுக்கு ஊசி எந்த நாளுன்னு சொன்னாங்களா? முன்னாடியே சொன்னாத்தான் சூப்பர்வைசர் டூட்டி மாத்துவான்."

நான் ஒரு பழைய சீட்டிலிருந்து கிழிந்த ரெக்ஸினை உரித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. இந்த முறை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவே இல்லை. பொய் மட்டும் உடனே வந்துவிட்டது.

"இன்னும் சொல்லல."

"சொன்னா ஒரு போன் அடிங்க மாமா. மறந்துடாதீங்க. அப்பறம் அது என்னைக் கொன்னு போட்டுடும்."

சிரித்துக்கொண்டே போனான். அவன் வரவில்லை என்றால் அவளுக்கு வேறு மடி ஏது? நான் நினைத்தது அவ்வளவுதான். சாயங்காலம் மனைவியிடம், சொல்லிவிட்டேன் என்றேன்.

வியாழக்கிழமைக்கு அரை நாள் லீவு கேட்டேன். "மதியத்துக்குள்ள வந்துடுப்பா, ரெண்டு சீட்டு டெலிவரி கீது" என்றார் முதலாளி. குளித்து, நகம் வெட்டி, வெளுத்த சட்டை போட்டேன். காலரை நானே இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறேன் என்று மனைவி சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது.

பள்ளியின் வராந்தாவில் வகுப்பு வகுப்பாகக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். மேஜையில் நீலப் பெட்டி, இரண்டு நர்சுகள். ஊசி போட்ட குழந்தைக்கு இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள். என்னைப் பார்த்ததும் என் மகள் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மாமா எங்க?"

"வரல."

"ஏன்?"

"வேலை."

"வர்றேன்னு சொன்னாரு."

"நான் வந்துகீறேன் இல்ல? அப்பா மடில உக்காரு வா."

நான் நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக் காட்டினேன். அவள் பின்னால் போய் வராந்தாவின் இரும்புக் கதவைக் கட்டிக்கொண்டாள். டீச்சர், "சார், நீங்க அப்பாதான? தூக்கிட்டு வாங்க சார்" என்றார். எழுந்து போனேன். "நீ வேணாம் போ! உன்கிட்ட ஊசி இருக்கும்!" என்று அவள் கத்தியது பள்ளி முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையனின் தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டன. கூட்டத்துக்கு முன்னால் குழந்தையைச் சமாதானப்படுத்தும் வித்தை எனக்குத் தெரியாது. கைகளைத் தொங்கவிட்டு நின்றேன்.

வயதான நர்ஸ், "பலவந்த பேடா" என்றார். கட்டாயப்படுத்த வேண்டாம், சனிக்கிழமை ஒரு மணிக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள், இந்தப் பக்கத்து முகாமுக்கு அதுதான் கடைசி நாள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "அவன் ஏன் வரல?"

"டூட்டி மாத்த முடியலயாம்."

"ஒரு போனாவது பண்ணக் கூடாதா? பெரிய கலெக்டரு. வரட்டும் ஞாயித்துக்கெழம, சோறு போடறேனா பாருங்க. நானா ஒண்ணும் கூப்புட மாட்டேன்."

அன்று சாயங்காலம் வழக்கம்போல மச்சான் மருமகளோடு பேசப் போன் செய்தான். மகள் அவன் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். "மாமா பொய் சொல்லிட்டாரு. நா பேச மாட்டேன்." போன் கவிழ்ந்தபடியே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்கு இனிப்பாக இருந்தது. பிறகு அவள் நோட்டை என் பக்கம் நகர்த்தி, "அப்பா, உனக்குப் பெருக்கல் தெரியுமா?" என்றாள். தெரியும். வகுத்தல் வரைக்கும் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து பன்னிரண்டு கணக்குப் போட்டோம். அவள் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமையும் அவன் போனை அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கணக்குப் போட்டோம்.

அப்போதுதான் ஒரு கொசுவைப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கை மேல்புறத்தில், ஊசி போடும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வயிறு சிவந்து, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. என் கை நான் நினைப்பதற்கு முன் போய் விழுந்தது. பளாரென்று ஓர் அடி.

"ஏம்பா அடிக்கிற?" என்று அழுதாள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவளுடைய ரத்தம், ஒரு பொட்டு அளவு. அவள் துடைத்துக்கொண்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். நான் கையைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அந்தக் கொசுவில் நோய் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. எத்தனையோ கொசு கடிக்கிறது. ஆனால் சாக்கடை ஓரம் ஒரு பையன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீட்டியது என் கை. இப்போது அவள் கையை நீட்டி வைத்திருக்கிறேன்.

அப்போதாவது மச்சானுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இரண்டு நாளாக என்னோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறாளே, நாளைக்கு என் மடியில் உட்கார்ந்துவிடுவாள் என்று கடைசியாக ஓர் ஆசை.

சனிக்கிழமை மனைவிக்கு வேலை. நானும் மகளும் மட்டும் போனோம். வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் நகத்துல மை கீதுப்பா. எனக்கு மட்டும் இல்ல" என்றாள். நல்ல சகுனம் என்று நினைத்தேன். நர்சின் மேஜை கண்ணில் பட்டதும் விரலை உதறிவிட்டு, வெளியே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினொரு மணி. பதினொன்றரை. குனிந்து பேசினேன், ஐஸ்கிரீம் என்றேன், வலிக்காது என்றேன். என் தம்பியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நாலு பேர்தான் மிச்சம்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போனை எடுத்தேன்.

"மச்சான், எங்க கீற?"

"கம்பெனி கேட்டுக்கு வெளிய மாமா. ரெண்டு மணிக்குத்தான் பிக்கப்பு. இன்னா ஆச்சு, கண்ணு ரெண்டு நாளா போனே எடுக்க மாட்டேங்குது?"

"ஸ்கூல்ல ஊசி வியாழக்கிழமையே போட்டாங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீ கடைகிட்ட வந்து கேட்ட பாரு, அப்பவே எனக்குத் தெரியும். நாந்தான் சொல்லல."



"ஏன் மாமா?"

சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன். "உன் மடிலதான் உக்காருவேன்னு சொல்லுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்ப போட்டுக்கவே மாட்டேங்குது. ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

"அடப் போங்க மாமா" என்றான். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "காது குத்துனதுலேருந்து வயித்துல வெச்சிகினு கீறீங்களா?"

"ம்."

"இப்ப நா பறந்து வந்தாலும் ஆவாது. வீடியோல போட்டு அதுங்கிட்ட குடுங்க."

டிரம்முக்குப் பின்னால் போனை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனிலிருந்து மச்சான் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டான். "சாரி கண்ணு. மாமா நாள மறந்தே பூட்டேன். மாமா ஒரு மக்கு. தோப்புக்கரணம் போடட்டா? செக்யூரிட்டி பாத்துகினு கீறான், இருந்தாலும் போடறேன் பாரு."

அவன் குனிந்து எழுந்தான். படம் ஆடியது. அவள் சிரித்துவிட்டாள். நான் செய்த தப்பை அவன் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அதற்கு நன்றி வந்திருக்க வேண்டும் எனக்கு. வந்ததோ இன்னொரு சுற்றுப் பொறாமை. இப்படி ஒரு நல்லவனாக இருக்கிற வாய்ப்பையும் அவனுக்கே கொடுத்துவிட்டேனே என்று.

"மாமா மடி அங்க இல்ல கண்ணு. இன்னிக்கு உங்கப்பா மடி. மாமா உன் எதிருலதான் கீறேன். போ, போய் குந்து."

நர்ஸ் கூப்பிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் போனைப் பிடித்தபடி வந்து என் முன்னால் நின்றாள். ஒரு கையால் என் காலரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். நாலு வயதுக்குப் பிறகு அவள் எடை எனக்குத் தெரியாது. கனமாக இருந்தாள். தலை என் தாடையில் இடித்தது. நர்ஸ் சட்டைக் கையை மேலே சுருட்டினார். அவள் உடம்பு விறைத்தது.

"கண்ணு, காது குத்துறப்ப மாமா இன்னா சொன்னேன், ஞாபகம் கீதா?" என்றான் மச்சான்.

"ம்."

"இப்ப திரும்பிப் பாரு. அதே மாதிரி கீதா?"

அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் போல. எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பு என் மூக்குக்குக் கீழே வெடித்ததும் கண்ணைத் திறந்தேன்.

"அதே மாதிரிதான் மாமா! கண்ண மூடிகினு கீறாரு!"

"அன்னிக்கு சாம்பார் வாளிய வேற கட்டிப் புடிச்சிகினு நின்னாரு. ஊசி உனக்கா அவருக்கான்னு கேட்டேன் இல்ல?"

"ஆயித்து" என்றார் நர்ஸ், பஞ்சை வைத்து அழுத்தியபடி. முடிந்துவிட்டது. அவள் அழ மறந்துபோய்த் தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் மை வைத்தார்கள்.

மூன்று வருஷமாக நான் பொறாமைப்பட்ட ரகசியம் என் முகம்தான் என்று அப்போது தெரிந்தது. அவள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். ஆனால் பார்க்கச் சொன்னவன் அவன். அன்றும், இன்றும்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் நகத்து மையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பாவம் மாமா, மறந்துட்டாராம்" என்றாள்.

இதை மனசுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு வெளியே சொன்னேன். "மாமா மறக்கல. அவருக்கு நாளே தெரியாது. நாந்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

"ஏன்?"

"நீ என் மடில உக்காரணும்னு."

பெரியவர்கள் செய்கிற கணக்கு ஒன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை. "கேட்டிருக்கலாம்ல? லூசாப்பா நீ?" என்றாள்.

கேட்டேனே, நீதான் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாய் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அதற்கு முன்னாலும் எட்டு வருஷம் இருந்ததே. அப்போதெல்லாம் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு."

சொன்னாள். வீட்டில் எனக்கு நடந்த பூஜையை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தெரு முனையில் ஹாரன் கேட்டது. மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி ஓடினாள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே. ஊசி போட்ட இடத்தை அவனிடம் காட்டினாள். அவன் குனிந்து, கண்ணாடி போட்ட டாக்டர் மாதிரி அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தான். நான் வாசலில் நின்றிருந்தேன். வயிறு எரிந்தது, வழக்கம்போலத்தான். அவன் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "எனக்கும் காட்டு" என்றேன்.